ஹடிலுக்கு வராத ஆள்: வெஸ்ட் பாயிண்ட், 1958

அமெரிக்கக் கால்பந்தில் வழக்கமாக ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பந்து கையிலிருக்கும் அணியின் 11 பேரும் வட்டமாகக் கூடுவார்கள். ஹடில் என்று பெயர். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் அங்கேதான் சொல்வார். 1958 செப்டம்பர் 27 அன்று தென் கரோலினாவுக்கு எதிராக மிச்சி மைதானத்தில் இறங்கிய வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியில் 10 பேர்தான் கூடினார்கள். பில் கார்ப்பெண்டர் என்ற எண்ட் (முன்வரிசையின் கடைசியில் நின்று, வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்) மட்டும் அந்தப் பக்கமே வராமல் ஓரமாக, வெகு தள்ளி, தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் முழுக்க அப்படித்தான். வெஸ்ட் பாயிண்ட் 45-8 என்று வென்றது. லோன்லி எண்ட், அதாவது தனியாக நிற்கும் எண்ட், என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டு ராணுவ அணி 9 ஆட்டங்களில் 8 வென்று, 1 சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் முடித்தது. எடுத்த புள்ளிகள் 264, கொடுத்தவை 49. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கார்ப்பெண்டர் பிடித்த பந்துகளைப் பற்றியே பேசுவார்கள். அவர் பிடிக்காத பந்துகள்தான் அதைவிட முக்கியம் என்பது என் கட்சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

மைதானத்தின் அகலம் 160 அடி. அந்தக் காலக் கல்லூரி விதிப்படி, நீளவாக்கில் இரண்டு ஹாஷ் கோடுகள் அதைச் சமமாக மூன்று பங்காகப் பிரித்தன. ஒரு பங்கு 53 அடி 4 அங்குலம். முந்தைய நகர்வு ஓரத்தில் முடிந்தால் பந்தை அருகிலுள்ள ஹாஷ் கோட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒரு பக்கம் 53 அடி, மறு பக்கம் 106 அடிக்கு மேல். அந்தப் பெரிய காலி நிலத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் எதிரணி அவரைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

வழக்கமான நெருக்கமான அமைப்பில் பந்தைக் கொடுக்கும் குவாட்டர்பேக்கையும் வாங்கி ஓடுகிறவரையும் கழித்தால், எதிராளிகளை மறித்து அவருக்கு வழி திறக்க மீதி 9 பேர். எதிரில் 11 பேர். எதிரணிக்கு இரண்டு ஆள் அதிகம். இப்போது கார்ப்பெண்டரைத் தள்ளி நிறுத்துங்கள். எதிரணி அவருக்கு ஒரே ஆளை அனுப்பினால் நடுவில் 8 பேருக்கு 10 பேர், அதே இரண்டு ஆள் அதிகம். ஆனால் ஓரத்தில் ஒண்டிக்கு ஒண்டி, பின்னால் உதவிக்கு யாரும் இல்லை. உயரமான, வேகமான எண்டுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பயந்து இரண்டு பேரை அனுப்பினால் நடுவில் 8 பேருக்கு 9 பேர். சாதகம் பாதியாகக் குறைந்துவிடும். அந்த இடைவெளியில், பந்தை வாங்கி ஓடும் ஹாஃப்பேக்குகளான பீட் டாக்கின்ஸும் பாப் ஆண்டர்சனும் ஓடுவார்கள். பந்தைத் தொடாமலே ஓர் ஆள் இரண்டு பேரைக் கட்டிப்போட முடிந்தது இப்படித்தான்.

சரி, ஹடிலுக்கு ஏன் வரக்கூடாது? காரணம் களைப்பு. அன்றைய விதிகள் ஆள் மாற்றத்தை மிகவும் கட்டுப்படுத்தின. தாக்குகிறவர்களே தடுக்கவும் வேண்டும். ஓரத்திலிருந்து ஹடிலுக்கு 20 யார்டு (ஒரு யார்டு 3 அடி) ஓடி வந்து, திரும்ப 20 யார்டு ஓடினால் நகர்வுக்கு 40 யார்டு. 50 நகர்வுகள் என்றால் 2000 யார்டு, அதாவது ஒரு மைலுக்கு மேல், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஓட்டம். கடைசிக் கால்பகுதியில் அந்தக் கால்களில் என்ன மிஞ்சும்? பயிற்சியாளர் ரெட் பிளெய்க் கண்ட வழி எளிமையானது: அவர் வரவே வேண்டாம்.

வராதவருக்கு நகர்வு என்னவென்று எப்படித் தெரியும்? அந்தப் பருவம் முழுக்க எதிரணிகளும் பத்திரிகைகளும் இதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டன. விடை குவாட்டர்பேக் ஜோ கால்டுவெல்லின் கால்களில் இருந்தது. அவர் பாதங்களை எப்படி வைத்து நிற்கிறார் என்பதே சைகை. எல்லோரும் கைகளையும் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதத்தை யார் பார்ப்பார்கள்? கூட்டத்தின் இரைச்சலும் இதைக் கெடுக்காது.

இந்த அமைப்பை அப்படியே எடுத்து எந்த அணியும் ஆடிவிடலாம் என்று நினைத்தால் தப்பு. பழுதாகக்கூடிய இடங்கள் பல. பந்து கிளம்பும்போது முன்கோட்டில் 7 பேர் இருந்தாக வேண்டும். தள்ளி நிற்பவர் அரை அடி பின்னால் நின்றாலும் கோட்டில் ஆறு பேர்தான், 5 யார்டு தண்டம். மற்றவர்கள் பக்கத்து ஆளின் தோளைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். இவருக்குப் பக்கத்தில் ஆளே கிடையாது. அடுத்தது வீச்சு. 20 யார்டு அகலத்தில், 10 யார்டு முன்னால் ஓடும் ஆளுக்கு, 5 யார்டு பின்வாங்கிய குவாட்டர்பேக் எறிந்தால் பந்து காற்றில் 25 யார்டு போகிறது. கை கொஞ்சம் தளர்ந்தாலும் எதிராளி குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுவான். அவனுக்கு முன்னால் வெறும் புல்தரை. மூன்றாவது, மிகவும் அலுப்பான வேலை: பந்து தன் பக்கம் வராத நகர்விலும் எண்ட் தனக்கே வருவதுபோல் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். இரண்டு முறை சோம்பி நின்றால் போதும், அவருக்கு நேரே நிற்கிறவன் அது வீச்சில்லை, நடுவில் ஓட்டம் என்று கண்டுபிடித்து உள்ளே பாய்ந்துவிடுவான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் ஓடுகிறவர்கள் உண்மையிலேயே ஆபத்தானவர்களாக இருக்க வேண்டும். டாக்கின்ஸுக்கு 11 வயதில் போலியோ வந்திருந்தது. அதிலிருந்து மீண்டு வெஸ்ட் பாயிண்ட் சேர்ந்தவர், இறுதியாண்டில் கேடட் படையின் முதல் கேப்டன், வகுப்புத் தலைவர், அணித் தலைவர் மூன்றுமாக இருந்து, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். ஆண்டர்சனும் தேசிய அளவில் தேர்வான ஹாஃப்பேக். இந்த இருவரையும் விட்டுவிட்டு ஓரத்துக்கு இரண்டு பேரை அனுப்ப எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அனுப்பாமல் இருக்கவும் முடியாது.

தென் கரோலினாவுக்குப் பிறகும் வரிசையாக வெற்றிகள்: பென் ஸ்டேட் 26-0, நோட்ர டாம் 14-2, வர்ஜினியா 35-6. பிறகு அக்டோபர் 25, பிட்ஸ்பர்க். 14-14. கல்லூரி ஆட்டங்களில் கூடுதல் நேரம் என்பது 1996-இல்தான் வந்தது; அன்று மணி அடித்தால் முடிந்தது. அதனால்தான் இந்த அணியைத் தோல்வி காணாத அணி என்கிறோம், எல்லாவற்றையும் வென்ற அணி என்பதில்லை. நாட்டின் சிறந்த அணிகளை வரிசைப்படுத்தும் வாக்கெடுப்பிலும் இந்தச் சமன் உதவவில்லை. அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அயோவாவுக்கும் அடுத்து மூன்றாம் இடம்தான்.

அடுத்த வாரம் கோல்கேட்டை 68-6 என்று நொறுக்கியது பெரிய விஷயமில்லை. ரைஸ் அணியுடனான ஆட்டம்தான் பருவத்தின் கழுத்தில் கத்தி. 7-7 என்று நின்ற ஆட்டத்தின் முடிவில் கால்டுவெல் வீசிய நீண்ட பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டவர் டாக்கின்ஸ். வில்லனோவாவை 26-0 என்று வென்ற பிறகு, பிலடெல்பியாவில் கடற்படைக் கல்லூரி. முந்தைய ஆண்டு அவர்களிடம் 14-0 என்று தோற்றிருந்தார்கள். இந்த முறையும் முதல் 6 புள்ளிகள் கடற்படைக்கே. அதன்பின் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை: 22-6.

1944-46, 1948, 1949 பருவங்களுக்குப் பிறகு வெஸ்ட் பாயிண்டில் தோல்வியில்லாமல் பிளெய்க் முடித்த ஆறாவது பருவம் அது. தேர்வில் விடை பரிமாறிய விவகாரத்தில் 1951-இல் 90 கேடட்டுகள் வெளியேற்றப்பட்டபோது அவருடைய அணியே சிதறிப்போனது. வெளியேறியவர்களில் அவர் மகனும் ஒருவர். அங்கிருந்து இங்கே வர ஏழாண்டு. 1959 ஜனவரியில் பதவி விலகினார்.

கார்ப்பெண்டர் 1959-லும் ஆடினார், இப்போது அணித் தலைவராக. அந்த ஆண்டு 43 பந்துகளைப் பிடித்து 591 யார்டு எடுத்தார். ஆனால் டாக்கின்ஸ் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தார். நடுவில் பழைய பயம் இல்லை. ராணுவ அணி 4 வென்று, 4 தோற்று, 1 சமன் செய்தது. கடற்படையிடம் 43-12 என்று தோற்றது.