மின்னல் முரளிக்கு ஒரு சட்டை

அக்டோபர் 23, 2025, வியாழன்

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் தையல்கடைக்கு ஈ கூட வராது. மெஷினைச் சாய்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது. பத்து நாளாகத் தைத்த ஊராரின் சட்டைகளெல்லாம் அதில் நிறம் நிறமாகக் கிடந்தன.

அந்த நேரத்தில் பாட்டியோடு ஒரு பொடியன் வந்தான். இரண்டாம் வகுப்பு. குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டியாம். "நேரு போடலாமே கண்ணு, ரோஜா மட்டும் வாங்கினா போதும்" என்றேன், வேலை குறையட்டும் என்று. மலையாளப் படத்தில் வருகிற சூப்பர்ஹீரோ மின்னல் முரளிதான் வேண்டுமாம். சரி என்று டேப்பை எடுத்தால், "அந்தச் சட்டை இல்ல மாமா, ரெண்டாம் பாகத்துச் சட்டை" என்கிறான்.

"ரெண்டாம் பாகம் இன்னும் வரவே இல்லையே?"

"வரும்ல? அதுக்கு."

பாட்டி என்னைப் பார்த்தார். "என்னமோ கேக்கறான், தெச்சுக் குடு சாமி" என்று இருநூறு ரூபாயை மேஜையில் வைத்தார். மார்பு 24 அங்குலம். மூச்சை இழுத்து நெஞ்சை விரித்து 25 காட்டினான். நான் 24 என்றே எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு: எங்கள் கொழிஞ்சாம்பாறை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சண்டை மட்டும் இரண்டிலும். அதனால் மின்னல் முரளி எங்களுக்கு டப்பிங் படம் அல்ல. 2021 டிசம்பர் 24 அன்று நெட்பிளிக்ஸில் வந்ததும், செல்போன் கடைத் தம்பியின் வீட்டில் ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து பார்த்தோம்.

அந்தத் தம்பியும் பஸ் கண்டக்டர் சேட்டனும் இன்று கடையில் மோதிக்கொண்டார்கள். பொடியனின் ஆர்டரை நான் சொல்லியிருக்கக் கூடாது.

தம்பியின் கட்சி: கண்டிப்பாக வரும். ஓணத்துக்கு வந்த லோகா படம் முந்நூறு கோடியைத் தாண்டிவிட்டது. மலையாளத்தில் சூப்பர்ஹீரோ படத்துக்குக் கூட்டம் வரும் என்று நிரூபித்தாயிற்று. அந்தப் பாதையை முதலில் வெட்டியது மின்னல் முரளி. இனிமேல் எந்தத் தயாரிப்பாளர் சும்மா இருப்பார்?

சேட்டன் டிக்கெட் கிழிக்கிற நிதானத்தில் பதில் சொன்னார். "மோனே, ஆ லோகாவில் சாத்தன் ஆரா? டொவினோ தோமஸ். லோகா ரண்டாம் பாகமும் சாத்தன்டெ கதையாணு. ஒரே ஆளு ரண்டு கம்பெனிக்கு ரண்டு சூப்பர்ஹீரோவா நில்க்குமோ?"

மின்னல் முரளியாக நடித்தவரும் அதே டொவினோதானே, தம்பிக்கு ஒரு நிமிடம் வாயடைத்துப்போனது. அப்புறம் ஹாலிவுட்டில் அப்படி நடித்தவர்கள் பெயர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். நான் இரண்டு பேருக்கும் டீ சொன்னேன். காசு கொடுத்தது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

ராத்திரி படத்தை மறுபடி போட்டேன். சட்டையின் வெட்டைப் பார்க்கத்தான் போட்டேன், கடைசிவரை பார்த்துவிட்டேன்.

மின்னல் முரளியாக மாறுகிற ஜெய்சன் ஒரு தையல்காரன். எத்தனையோ படத்தில் பறக்கிற நாயகர்களுக்கு யார் துணி தைக்கிறார்கள் என்றே தெரியாது. இவனுக்கு அந்தக் கவலை இல்லை. குறுக்கன்மூலை என்கிற கற்பனை ஊரில் அப்பா வர்க்கியோடு தையல்கடையில் இருந்துகொண்டு, மனதுக்குள் அமெரிக்கா போய்க்கொண்டே இருக்கிறான். வர்க்கியாக வருபவர் பி. பாலச்சந்திரன், மலையாளத்தில் பெரிய நாடகாசிரியர். 2021 ஏப்ரலில் காலமாகிவிட்டார். படம் வரும்போது அவர் இல்லை. இரண்டாம் பாகம் வந்தால் அந்தக் கடையில் யார் உட்காருவார்? வாதம் செய்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்கு முதலில் தோன்றியதே இதுதான்.

அப்புறம் ஷிபு. ஒரே ராத்திரி ஜெய்சனுக்கும் மின்னல் தாக்குகிறது, ஷிபுவுக்கும் தாக்குகிறது. ஒருவன் ஊருக்கு நாயகன் ஆகிறான், இன்னொருவன் ஊரை எரிக்கிறான். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற ஷிபு ஒரு பெண்ணுக்காக 28 வருடம் காத்திருந்தவன். அவள் வந்து சேர்ந்த வேகத்தில் போயும்விடுகிறாள். ஷிபுவாக வருகிற குரு சோமசுந்தரம் நம்மவர், கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்தவர். அந்த முகத்தில் சிரிப்பு எங்கே முடிகிறது, அழுகை எங்கே தொடங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிடிபடவில்லை.

ஷிபு செத்துவிட்டான். அவன் இல்லாமல் எதற்கு இரண்டாம் பாகம்?

நவம்பர் 1, சனி

இன்று கேரளப் பிறவி நாள். சேட்டன் வேட்டி சட்டையில் வந்து வழக்கு விவகாரத்தை எடுத்தார். இது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

இயக்குநர் பேசில் ஜோசப், ஆனால் கதை எழுதியவர்கள் அருண் அனிருத்தன், ஜஸ்டின் மாத்யூ. தயாரித்தது வீக்கெண்ட் பிளாக்பஸ்டர்ஸ். அந்த நிறுவனம் மின்னல் முரளியின் உலகத்தை விரித்து வேறு படங்களும் எடுக்கப் புறப்பட்டது, அதில் ஒன்று டிடெக்டிவ் உஜ்வலன். எழுத்தாளர்கள் இருவரும் பாத்திரங்களின் உரிமை பற்றி வழக்குப் போட்டார்கள். மின்னல் முரளியின் பாத்திரங்களை அந்தப் படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று எறணாகுளம் மாவட்ட நீதிமன்றம் 2024இல் தடை விதித்தது. உஜ்வலன் இந்த வருடம் மே மாதம் வந்தது, தியான் ஸ்ரீனிவாசன் நடித்து.

"சட்டை தைச்சது ஒருத்தன், துணி இன்னொருத்தனோடது, அப்ப யாரு போடறது?" என்று தம்பி என்னிடமே கேட்டான். என் தொழிலில் இதற்குப் பதில் சுலபம், கூலி கொடுத்தவர் எடுத்துப் போவார். கதைக்கு அப்படி இல்லை போலிருக்கிறது. டிசைனே தையல்காரனுடையது என்றால்? நானும் நாலு ஜாக்கெட் டிசைன் என் சொந்த மூளையில் போட்டிருக்கிறேன். இன்று ஊர் முழுக்க அதைத்தான் மற்ற கடைகளில் தைக்கிறார்கள். எழுத்தாளர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன், சேட்டன் முகம் மலர்ந்தது.

தம்பி விடவில்லை. 2020 மே மாதம் காலடி என்கிற ஊரில் படத்துக்காகப் போட்டிருந்த தேவாலய செட்டைச் சிலர் இடித்துத் தள்ளினார்கள், கூடவே கொரோனா, அதையெல்லாம் தாண்டி வந்த படம், வழக்கு எம்மாத்திரம் என்றான். இதுவும் நியாயமாகத்தான் பட்டது.

நவம்பர் 7, வெள்ளி

இழுபடுகிற துணி எனக்குப் பழக்கமில்லை. கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் நீலத்தில் ஒன்றரை மீட்டர், சிவப்பில் அரை மீட்டர் வாங்கி வந்தேன். சாதா ஊசியில் ஓட்டினால் நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகிறது. துணியை இழுத்தால் நூல் பட் பட்டென்று அறுகிறது. பனியன் துணிக்கென்று முனை மழுங்கின ஊசி இருக்கிறது, அதை மாட்டி, வளைந்து வளைந்து ஓடுகிற தையலாகப் போட்ட பிறகுதான் நின்றது. அதற்குள் ஒரு கை வீண். சிவப்பில் மாற்றுக் கை வெட்டினேன். ஒரு கை நீலம், ஒரு கை சிவப்பு. இரண்டாம் பாகத்தில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

குழந்தைகளுக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டு விரல் துணி விட்டு மடிப்பேன். அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இந்தச் சட்டைக்கு அது வேண்டாம், துணியே இழுபடும். படத்தை யோசித்தேன். ஜெய்சன், ஷிபு, இரண்டு பேர் கதையையும் விளிம்புவரை இழுத்துத் தைத்து முடித்திருக்கிறார்கள். உள்ளே மிச்சத் துணி இல்லை. பிரித்தால் தையல் தடம்தான் தெரியும். இதைச் சேட்டனிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பியிடம் போய் நான் தன் கட்சி என்பார். நான் யார் கட்சியும் இல்லை. நாளைக்கே போஸ்டர் வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

நவம்பர் 12, புதன்

போட்டுப் பார்த்தான். கழுத்து பிடித்தது, அரை அங்குலம் இறக்கினேன். சிவப்புக் கையை ரொம்ப நேரம் கண்ணாடியில் பார்த்தான். "இந்தக் கையிலதான் மின்னல் வருமா மாமா?" ஆமாம் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் பாட்டி மட்டும் வந்தார். முதல் பரிசு ஒரு ஜான்சி ராணிக்குப் போய்விட்டதாம். மேடையில் ஏறியதும் டீச்சர் மைக்கை நீட்டி, சட்டையை மேலும் கீழும் பார்த்து, நீ யாருப்பா என்று கேட்டிருக்கிறார். "மின்னல் முரளி ரெண்டு. இன்னும் வரல, வந்தா தெரியும்" என்றானாம். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்களாம். கண்டக்டர் சேட்டனின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

பொடியன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடே தூங்கிவிட்டான். பாக்கி நூற்றைம்பதைப் பாட்டி அடுத்த வாரம் தருகிறேன் என்றிருக்கிறார்.