ஏரியை நீலம் தீட்டாதீர்கள்

போர்க்கள வரைபடம் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. நீர்நிலை என்றால் நீலத்தை நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். 1838 மார்ச் 3இல் நடந்த பீலி தீவுச் சண்டைக்கு அது உதவாது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உறைந்து கிடந்த ஈரி ஏரிதான் அன்று சாலை, களமும் அதுவே.

மேல் கனடாவில் (இன்றைய ஒன்டாரியோ) பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து மெக்கன்சி நடத்திய கலகம் 1837 டிசம்பரில் டொராண்டோ அருகே முறிந்தது. அதன்பின் கலகத்துக்கு ஆதரவாக அமெரிக்கக் கரையில் திரண்டவர்கள் எல்லை தாண்டத் தொடங்கினார்கள். பிப்ரவரிக் கடைசியில் சில நூறு பேர் ஒஹாயோ பக்கமிருந்து பனிக்கட்டிமேல் வந்து தீவைப் பிடித்தார்கள். ஏரியின் மேற்கு மூலை ஆழமற்றது, சராசரி ஏழெட்டு மீட்டர்தான்; சீக்கிரம் உறைந்துவிடும்.

பிரிட்டிஷ் கர்னல் மெய்ட்லாண்ட் கனடாக் கரையிலுள்ள ஆம்ஹர்ஸ்ட்பர்க்கிலிருந்து 32ஆம் ரெஜிமென்ட்டையும் மிலிஷியா என்னும் உள்ளூர்ப் படையையும் பீரங்கிகளையும் இரவோடிரவாகப் பனிச்சறுக்கு வண்டிகளில் நகர்த்தினார். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். தெளிந்த பனிக்கட்டி நான்கு அங்குலம் இருந்தால் ஆளைத் தாங்கும். குதிரை வண்டிக்கு அதன் இருமடங்குக்கு மேல் வேண்டும். காற்றுக்குமிழ் கலந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம்தான். கனமான வண்டி ஓடும்போது கட்டிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும். ஒட்டி ஒட்டி வந்தால் விரிசல் விடும். மொட்டை லாடம் அடித்த குதிரை வழுக்கும், கூராணி அடித்த லாடம் வேண்டும்.

திட்டம் எளிமையானது. பிரதானப் படை வடக்கிலிருந்து தள்ள, கேப்டன் பிரவுன் இரண்டு கம்பெனிகளோடு (ரெஜிமென்ட்டின் சிறு பிரிவுகள்) தெற்கே தப்பும் வழியை அடைக்க வேண்டும். தீவுக்காட்டில் பனி ஆழம்; பிரதானப் படை ஊர்ந்துதான் வந்தது. இரண்டு படைக்கும் ஒரே வேகத்தில் அம்புக்குறி போட்டால் அதுதான் பெரிய பொய். சுமார் நூறு பேரோடு நின்ற பிரவுனை நோக்கி கலகக்காரர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் வந்தார்கள்.

திறந்த பனிவெளி. ஒதுங்க ஒரு மரமில்லை. படுத்துக்கொள்ளலாமே என்றால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் மஸ்கெட்டுக்கு எழுந்து நின்றாக வேண்டும். நூறு கஜத்துக்குள் இரு தரப்பும் சுட்டுக்கொண்டே இருந்தால், எண்ணிக்கை குறைந்தவனுக்குத்தான் நஷ்டம். பிரவுன் துப்பாக்கிமுனைக் கத்தியை மாட்டி ஓடவிட்டார். எதிர்வரிசை கலைந்து காட்டுக்குள் ஓடியது.

அவர் ஆட்களில் சுமார் முப்பது பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். வரைபடத்தில் அந்தக் குறிகள் எல்லாம் கரைக்கு வெளியே, தெற்குப் பனிமேல்தான் வரும்.