மூன்று மணிக்கு வாருங்கள்

அந்த அம்மாவிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "மூணு மணிக்கு வாங்கம்மா." குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைகாட்டவும் இல்லை; அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அவர் நீட்டிய படிவத்தில் இருந்த கைநாட்டிலேயே தெரிந்தது. நடந்தது 2018 நவம்பரில், நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு நவம்பர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அப்போது மத்திய அரசு ஓய்வூதியர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு மாதத்துக்குள், உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான ஆயுள் சான்று கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

அந்த ஆண்டு நான் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை யாரையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அது மனம்போன போக்கில் எடுத்த முடிவல்ல. அதற்கு முந்தைய ஜூலையில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் இரண்டு வாரம், ஒரு நீளமான பழைய லெட்ஜர் நோட்டில், காலை முதல் இரவு வரை எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று எழுதி வைத்தேன். ஒரு நாளில் மட்டும் 43 முறை யாராவது என்னை அழைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய கடன் மனு ஒன்றை நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை எழுந்துபோய்த் திரும்பி வந்து, விட்ட இடத்தைத் தேடி, மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறேன். என் களைப்புக்குக் காரணம் வேலையின் அளவு அல்ல, அது துண்டு துண்டாகச் சிதறியதுதான் என்று அந்த நோட்டு எனக்குக் காட்டியது. இதை இன்றைக்கும் நம்புகிறேன்.

பயிற்சி வகுப்பில் ஒருமுறை, பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு பேர் மட்டுமே உள்ள கிளையில் அது நடக்காது. ஆகவே எனக்குத் தோதாக நானே வகுத்துக்கொண்டேன். காலை இரண்டு மணி நேரம் கடன் மனுக்கள், மாலை மூன்று முதல் நான்கு வரை ஆயுள் சான்றுகள். ஒரே மாதத்தில் இரவு எட்டரைக்கு வீடு திரும்பிய நான் ஆறரைக்குத் திரும்பினேன். தூக்கம் வந்தது. பிள்ளையின் பள்ளிக் கதைகளை முழுதாகக் கேட்க முடிந்தது. இவற்றைச் சிறிய விஷயங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த அம்மா வந்தது பத்தே முக்காலுக்கு. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து இறந்துபோன கணவரின் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் கைரேகை இயந்திரத்தில் பலமுறை முயன்றிருக்கிறார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார், ரேகை விழவில்லை. கரிமூட்ட வேலையில் தேய்ந்துபோன விரல்கள் எங்கள் பக்கத்தில் அபூர்வமல்ல. ரேகை விழாவிட்டால் காகிதப் படிவம், அதில் என் கையெழுத்து. அதற்காகத்தான் என் அறை வாசலுக்கு வந்தார்.

"மூணு மணிக்கு வாங்கம்மா" என்றதும் அவர் கோபப்படவில்லை. "எனக்கு ஏதுய்யா மணி? பஸ்ஸு வந்தா வருவேன், பஸ்ஸு வந்தா போவேன்" என்றார். பிறகு, "ஒரு கையெழுத்துக்கு எம்புட்டு நேரமாகும்?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போலக் கேட்டார். "நேரம் பெரிசில்லம்மா, எல்லாருக்கும் ஒரே முறை" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேள்விக்கான விடையைப் பிறகு கணக்கிட்டேன். ஓய்வூதிய எண்ணைச் சரிபார்த்து, புகைப்படத்தை ஒப்பிட்டு, கைநாட்டுக்குச் சான்றளித்து, முத்திரை வைக்க நான்கு நிமிடம். என் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று மனம் உடனே எழுந்து நிற்கிறது. வெளியே அவரைப்போல் இன்னும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் போட்டால் அவர்களுக்கும் போட வேண்டும். அன்று என் மேசையில் இருந்தது ஒரு மாணவியின் கல்விக் கடன். கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியிருந்தது. ஆனால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்தக் கோப்பைப் பதினொன்று முப்பத்தைந்துக்கே முடித்துவிட்டேன். பன்னிரண்டு மணி வரை கதவைத் திறக்கவில்லை. தேநீர் வரவழைத்துக் குடித்தேன். அந்த இருபத்தைந்து நிமிட அமைதி எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

மூன்று மணிக்கு வரிசையில் முதலாவதாக நின்றவர் அவர்தான். கையெழுத்திட்டேன், கும்பிட்டுவிட்டுப் போனார். ஆறேகாலுக்கு வேலை முடிந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்புகையில், பேருந்து நிறுத்தத்துப் புளியமரத்தடியில் துணிப்பையை மடியில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அவர் ஊருக்குப் போகும் பேருந்து மதியம் ஒன்றேகாலுக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "வேலை முடிஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

நான் அன்று மிச்சப்படுத்தியது யாருடைய நேரம்? எழுபது வயதைக் கடந்த வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் வீட்டுக்கே சென்று சேவை தர முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அவருக்கு வயது எழுபத்து நான்கு. அந்தச் சுற்றறிக்கை என் கோப்பில் இருந்தது. நான்கு பேரை வைத்துக்கொண்டு யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால், அவர் வீட்டுக்கு நாங்கள் போக முடியாதது ஒன்று, எங்கள் வாசலுக்கே வந்தவரை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தது வேறு. ஆள் பற்றாக்குறை முதலாவதற்குத்தான் பதிலாகும்.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். வெளியூரிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்குக் காலையிலேயே கையெழுத்து என்று ஆக்கினேன். சில வாரங்களிலேயே உள்ளூர்க்காரர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்; என் காலை நேரம் பழையபடி சிதறியது; வீடு திரும்புவது ஏழரை ஆனது, மாத்திரையின் அளவு கூடியது. புதிதாகச் சேரும் அதிகாரிகள் யோசனை கேட்டால், இரண்டு வாரம் நேரத்தை எழுதி வையுங்கள், ஒரு பகுதியை உங்களுக்கென்று பூட்டி வையுங்கள் என்றே இப்போதும் சொல்கிறேன். பூட்டிய கதவுக்கு வெளியே யார் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறேன்; பெரும்பாலும் சொல்வதில்லை. 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே ஆயுள் சான்று கொடுக்கலாம் என்பதால், தேய்ந்த விரல் இன்று அவ்வளவு பெரிய தடையில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, தப்பித்துக்கொண்டதைப் போலவும் இருக்கிறது.

2019 நவம்பரில் அந்த அம்மா மறுபடி வந்தார். பதினொன்றரை மணிக்கு ஏதோ வேலையாக வெளியே வந்தபோது, சுவரோரப் பெஞ்சில் அதே பையுடன் உட்கார்ந்திருந்தார். காலைப் பேருந்திலேயே வந்துவிட்டாராம். உள்ளே வந்திருக்கலாமே அம்மா, இப்போதெல்லாம் காலையிலேயே போட்டுத் தருகிறோமே என்றேன்.

"நீங்கதானேய்யா மூணு மணின்னு சொன்னீங்க" என்றார்.