செத்தவளுவ பேரு என்னல?

துப்புத் துலங்காத கொலை வழக்குகளைத் தேடித் தேடிப் படிப்பது கல்லூரிக் காலத்தில் என்னைத் தொற்றிக்கொண்ட பழக்கம். தொடங்கி வைத்தது லட்சுமிகாந்தன் வழக்கு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த அந்தப் பத்திரிகை ஆசிரியர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். தியாகராஜ பாகவதரும் நாகர்கோவில்காரரான என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்து, வழக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பின், 1947-இல் உயர்நீதிமன்றத்தால் விடுதலையானார்கள். அப்படியானால் குத்தியது யார்? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டால் விடாது. அங்கிருந்து நான் லண்டனுக்குப் போய்விட்டேன். அதாவது 1888-ஆம் ஆண்டின் ஒயிட்சாப்பல் பகுதிக்கு, அங்கே பெண்களை அடுத்தடுத்துக் கொன்றும் இன்றுவரை யாரென்று தெரியாத ஜாக் தி ரிப்பரிடம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஒருநாள் அந்தக் கதையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆச்சி மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வெட்டிய பீடி இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி நூலைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கசாப்புக்காரன், மருத்துவன், வழக்கறிஞன் என்று நூறாண்டுக்கு மேலாகச் சந்தேகிக்கப்படும் ஆட்களை நான் வரிசையாக அடுக்கியும் அவள் கை நிற்கவில்லை. கடைசியில் கேட்டாள்: "ஏலே, செத்தவளுவ பேரு என்னல?"

எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. கொலைகாரனின் பெயர் மட்டும் தெரியும். அதுவும் அவனுடைய உண்மைப் பெயர் அல்ல, ஒரு கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து. அந்தக் கடிதத்தையே ஏதோவொரு பத்திரிகைக்காரர் எழுதியிருப்பார் என்று ஆராய்ந்தவர்களில் பலர் கருதுகிறார்கள்.

ஆச்சி அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. எங்கள் பக்கத்தில் கொலையுண்டவருக்குத்தான் கதை. கொலைகளைப் பாட்டாகச் சொல்லி சந்தையில் விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களை விடுங்கள். கொடை விழாவில் வில்லடித்து, குடம் தட்டி, விடிய விடியப் பாடுவது பல ஊர்களில் வெட்டுப்பட்டுச் செத்தவரின் வரலாற்றைத்தான். மாடு களவாட வந்தவர்களோடு மோதி உயிர்விட்ட முத்துப்பட்டன், காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற தெய்வமாக நிற்கிறான். சாதியை உதறிவிட்டு, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்த அந்தப் பிராமணனுக்கு இன்றும் காணிக்கை தோல் செருப்புதான். ஆடி அமாவாசையன்று அங்கே ஜோடி ஜோடியாகத் தொங்கும் செருப்புகளைப் பார்த்திருக்கிறேன்; அவனே போட்டு நடந்து தேய்ந்தவை என்று பழைய ஜோடிகளைக் காட்டுவார்கள். வெட்டியவன் பெயரைக் கேட்டால் பாட்டுக்காரர் ஒருவேளை சொல்லக்கூடும். கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்.

நான் மறுபடி போய்ப் படித்தேன். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. முதலாமவளைப் பாலி என்று அழைப்பார்கள், வயது 43. 1888 ஆகஸ்ட் 31 அன்று, விடுதியில் படுக்கைக்குக் கொடுக்க நான்கு பென்னி இல்லாததால் நள்ளிரவுக்குப் பின் வெளியே அனுப்பப்பட்டாள். தலையில் இருந்த புதுத் தொப்பியைக் காட்டி, இதை வைத்தே காசு சம்பாதித்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே போனாளாம். சில மணி நேரத்தில் பக்ஸ் ரோ என்ற தெருவில் பிணமாகக் கிடந்தாள். கொலைகாரனைப் பற்றி அத்தனை பக்கங்கள் புரட்டியவன், இந்தத் தொப்பியை எப்படித் தாண்டிப் போனேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஐந்து பெயர்களையும் ஆச்சியிடம் சொன்னேன். அவள் வாய்க்கு அவை நுழையவில்லை. பாலியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "அவ விழுந்த எடத்துல ஒரு கல்லாவது நட்டாவளா?" என்று கேட்டாள். இல்லை ஆச்சி, அந்தத் தெருவுக்குக் கெட்ட பேராகிவிட்டது என்று சில வருஷத்திலேயே தெருவின் பெயரை டர்வர்ட் தெரு என்று மாற்றிவிட்டார்கள் என்றேன்.

ஆச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பேர மாத்திட்டா, அவ எந்தத் தெருன்னு தேடி வருவா?"