கோயில் கோடாலிகளுக்கு ஒரு ஜிக்

தீமிதிக்கு விறகு வந்து இறங்கும்வரை கோயில் கோடாலிகளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் பல கோயில்களில் தீமிதி குட் ஃப்ரைடே அன்றுதான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஈஸ்டர் சமயத்தில்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததாம். அம்மனும் வெள்ளைக்காரன் கொடுத்த லீவை அனுசரித்துக்கொண்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படி ஒரு லாரி வாட்டில் மரமும் (வேல மரச் சாதி) புளூகம் மரமும் (யூகலிப்டஸ்) கோயில் பின்பக்கம் வந்து விழுந்தபோது, ஷெட்டைத் திறந்து கோடாலிகளை வெளியே எடுத்தோம். வெண்ணெய்க் கட்டியை வைத்து வெட்டினாலும் வழுக்கிவிடும் என்கிற நிலைமை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். 2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. கரண்ட் போவதற்குள் முடித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் கோயில் இளைஞர்கள் எல்லாக் கோடாலிகளையும் பெஞ்ச் கிரைண்டரில் கொடுத்துத் தீப்பொறி பறக்கத் தீட்டினார்கள். பார்க்கத் தீபாவளி மாதிரி இருந்தது. தீட்டி முடித்தபோது ஒவ்வொரு கோடாலி வாயும் நீலம் பாரித்திருந்தது. இரும்பு நீலமானால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பட்டறையில் கொடுத்த பதம் அதோடு போச்சு. அப்புறம் எவ்வளவு கூராக்கினாலும் நாலு வெட்டில் மழுங்கிவிடும். நீலம் பாரித்த இடத்தையெல்லாம் அரத்தால் ராவிக் கழித்து, உள்ளே இருக்கும் நல்ல இரும்புக்குப் போனால்தான் உண்டு.

"கையால் ராவினால் கோணம் ஒரே மாதிரி நிற்காது, நான் ஒரு ஜிக் செய்து தருகிறேன்" என்று கமிட்டியில் சொன்னேன். (ஜிக் என்றால் கருவியையும் பொருளையும் கோணம் பிசகாமல் பிடித்துவைக்கும் அமைப்பு.) நான் வேலையில் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் யாரும் மறுக்கவில்லை. பெரியப்பா மட்டும் பின்வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அரம் பிடிக்கத் தெரியாதவன் ஜிக் செஞ்சானாம்."

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிறந்து வளர்ந்தது மேகசின் பேரக்ஸில், அதாவது கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில். அவருடைய அப்பா டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். 1960களில் பேரக்ஸைக் காலி பண்ணச் சொல்லி எங்கள் ஆட்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து விட்டபோது, லாரியில் ஏற்றிய சாமான்களில் ஒரு கோடாலியும் இருந்தது. அது இன்றைக்கும் கோயில் ஷெட்டில் இருக்கிறது. அதை யார் தொட்டாலும் அவருக்குப் பொறுக்காது. (நாங்கள் பேசுவது பாதி இங்கிலீஷில்தான். வாசிப்பவர்களுக்காக முழுத் தமிழாக்கித் தருகிறேன். கெட்ட வார்த்தைகளையும் கழித்திருக்கிறேன்.)

ஜிக்கின் சூட்சுமம் இதுதான். கோடாலி வாய் நேர்கோடு இல்லை, வளைவு. அரத்தை நேராக இழுத்தால் நடுவில் மட்டும் தேயும், இரண்டு மூலையும் அப்படியே நிற்கும். ஆகவே அரம் ஒரே இடத்தில் ஓடவேண்டும், கோடாலிதான் அதன் கீழே சுழன்று கொடுக்கவேண்டும். சுழலவேண்டுமென்றால் அந்த வளைவுக்கு மையம் எங்கே என்று தெரியவேண்டும். கோடாலியை அட்டையில் படுக்கவைத்து வாயைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். மூலைக்கு மூலை 120 மில்லிமீட்டர், நடுவில் புடைப்பு 12. பாதி நீளத்தின் வர்க்கம் 3600, புடைப்பின் வர்க்கம் 144. இரண்டையும் கூட்டி, புடைப்பின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஆரம் 156. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எதற்குப் படிக்கிறோம் என்று வாத்தியாரிடம் கேட்டு அடி வாங்கிய கணக்கு. அளந்து பார்த்தால் மையப்புள்ளி கிட்டத்தட்ட காம்பு மாட்டும் ஓட்டைக்கு நேராக வந்து விழுந்தது. எனக்கு ஒரே குஷி. அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு போல்ட், அதன்மேல் சுழலும் பிளைவுட் தட்டு, தட்டின்மேல் கிளாம்ப் போட்டு இறுக்கிய கோடாலி.

கோணத்துக்காகக் கோடாலிக்குப் பின்பக்கம் ஒரு கம்பம். கோடாலி வாயிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி, 109 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை. அரத்தை ஹோஸ் கிளிப்பால் ஒரு இரும்புக் கம்பியோடு கட்டி, கம்பியின் மறுமுனையை அந்த ஓட்டையில் விட்டுவிட்டால் கோணம் 20 டிகிரிக்கு அந்தண்டை இந்தண்டை போகாது. மரம் வெட்டும் கோடாலிக்கு ஒரு பக்கத்துக்கு 20 போதும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது வெட்டாது. இந்த அமைப்பில் தள்ளினால் விரல் முட்டி நேராகக் கோடாலி வாயைப் பார்த்துப் போகும். அதனால் ஐந்து லிட்டர் பெயின்ட் டின் மூடியில் ஓட்டை போட்டு, அரத்தின் கைப்பிடிக்கு முன்னால் கேடயமாக மாட்டினேன். கையுறையும் போட்டுக்கொண்டேன். "யுத்தத்துக்குப் போறியா?" என்று என் மனைவி கேட்டாள்.

ஜிக்கை கராஜில் வைத்து முதல் கோடாலியை மாட்டிச் சுழற்றினேன். வாய் அரத்தின் கீழே அழகாக வழுக்கிக்கொண்டு போனது. அதே நேரத்தில் இடது பக்கம் 'டமார்' என்று சத்தம்.

கோடாலிக்குக் காம்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? 36 அங்குலக் காம்பு. வாய் 12 சென்டிமீட்டர் நகர்வதற்கு தட்டு 45 டிகிரி திரும்பவேண்டும். தட்டு 45 டிகிரி திரும்பினால் காம்பின் நுனி இரண்டு அடிக்கு மேல் வீசும். சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டிய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் கராஜில் கார் நின்றால் மனுஷன் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடக்கமுடியும். காரை வெளியே எடுத்திருந்தேன். ஆனால் பெஞ்சின் அந்த ஓரத்தில்தான் அம்மாவின் மாங்காய் ஊறுகாய் ஜாடி வெயில் படட்டும் என்று ஜன்னலோரமாக வைக்கப்பட்டிருந்தது. காம்பு அதை மிகச் சரியாக, 156 மில்லிமீட்டர் ஆரக் கணக்குக்குத் துளியும் பிசகாமல், தட்டிவிட்டது.

அம்மா வந்து பார்த்தாள். தரையெல்லாம் எண்ணெய், மிளகாய்த் தூள், மாங்காய்த் துண்டு, கண்ணாடி. என்னைத் திட்டவில்லை. கோடாலியைப் பார்த்து மட்டும் சொன்னாள்: "குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்புன்னு சும்மாவா சொன்னாங்க?"

காம்பைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் தீட்டலாமே என்று பக்கத்து வீட்டு மாமா யோசனை சொன்னார். இறுகிக் கிடக்கும் பழைய காம்பைக் கழற்றுவதென்றால் ஆப்பைத் தோண்டி, அடித்து, கடைசியில் காம்பு உடைந்து, புதுக் காம்பு வாங்கி, செதுக்கி மாட்டவேண்டும். அந்த நேரத்தில் காட்டையே வெட்டிவிடலாம். மாமாவுக்கு நன்றி சொல்லி, வீச்சுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் பருமனான ஆள், வீச்சுக்கு வெளியே நின்றாலும் வயிறு உள்ளேதான் இருந்தது.

அப்புறம்தான் பெரியப்பா வந்தார், குறை கண்டுபிடிக்க என்றே. ஜிக்கைச் சுற்றி வந்தார். குனிந்து ஓட்டையின் வழியே பார்த்தார். "ஒரு கையால அரத்தைத் தள்ளுற, இன்னொரு கையால கோடாலியைச் சுத்துற, காம்பு எங்க போகுதுன்னு எவன் பாக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் ஒரு பீர் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, காம்பு நுனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். "நீ தள்ளு. நான் சுத்துறேன்."

அன்றிலிருந்து ஜிக்கின் பாகங்கள்: ஒரு பிளைவுட் தட்டு, ஒரு போல்ட், ஒரு கம்பம், ஒரு அரம், ஒரு பெரியப்பா.

வேலை பிரமாதமாக நடந்தது. முதலில் வாய்ச் சரிவில் கறுப்பு மார்க்கரைப் பூசிவிட்டு, லேசாக ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. முதல் கோடாலியில் மை மேல்பக்கம் மட்டும் அழிந்து, வாயோரம் ஒரு கறுப்புக் கோடு அப்படியே நின்றது. கோடாலித் தலை பின்னால் தடிமன், முன்னால் மெல்லிசு. தட்டில் படுக்கவைத்தால் வாய் தலைகுனிந்துவிடும். வாய்ப்பக்கம் அடியில் எதையாவது மடித்துச் செருகி நிமிர்த்தவேண்டும். கைக்குக் கிடைத்தது கரண்ட் பில். இரண்டாக மடித்தேன், போதவில்லை. நான்காக மடித்தேன். மை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அழிந்து, பளிச்சென்று வெள்ளை இரும்பு தெரிந்தது. அந்தப் பில் இவ்வளவு உபயோகமாக இருந்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பாவிடம் ஒரே ஒரு கோளாறு. கையோடு வாயும் ஓடும். பேரக்ஸ் கதை ஆரம்பித்தால் காம்பு சீராக, நிதானமாகத் திரும்பும். கதை கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்து ஃபுட்பால் மேட்சுக்குப் போய்விட்டால் காம்பும் வேகமெடுக்கும். பந்து கோலை நெருங்கும்போது நான் அரத்தைத் தூக்கிவிடுவேன், வேறு வழியில்லை. கோல் விழுந்ததும் மறுபடி வைப்பேன். ஒரு பக்கம் முடிந்து கோடாலியைப் புரட்டினால் காம்பு எதிர்ப்பக்கம் போய்விடும். அப்போது பெரியப்பா, பீர் கிரேட், டீ டம்ளர், எல்லாம் கராஜின் அந்தப் பக்கத்துக்குக் குடிபெயரும். அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் இருக்கிறது. என் மனைவி துணி போட வந்தால் ஜிக் நிற்கும்.

அரம் முடிந்ததும் சாணைக்கல், முதலில் சொரசொரப்புப் பக்கம், பிறகு நைசுப் பக்கம். வாயின் மறுபக்கம் நகத்தை வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் பிசிறு நகத்தில் மாட்டும். அது மாட்டாமல் போகும்வரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. கோயில் பையன் ஒருவன் முதல் கோடாலியை வாங்கி, கையில் இருந்த முடியைச் சிரைத்துக் காட்டி, வீடியோ எடுத்துக்கொண்டான். கூட்டம் கைதட்டியது.

பெரியப்பா கைதட்டவில்லை. "விறகு பிளக்கப் போறீங்களா, சவரம் பண்ணப் போறீங்களா?" என்றார். இதில் நான் அவர் கட்சி. மரத்தைக் குறுக்கே வெட்டத்தான் மெல்லிய வாய் வேண்டும். விறகு பிளப்பது ஆப்பு வேலை, தடிமன்தான் மரத்தைப் பிரிக்கிறது. 20 டிகிரியில் மெலிந்த வாயைப் புளூகம் கணுவில் இறக்கினால் பல் போய்விடும். கம்பத்தில் 173 மில்லிமீட்டர் உயரத்தில் இன்னொரு ஓட்டை போட்டேன், அது 30 டிகிரி. பிளக்கும் கோடாலிகளெல்லாம் அந்த ஓட்டைக்குப் போயின. சிரைக்கும் கோடாலி வேண்டும் என்று பையன் கெஞ்சினான். ஒன்றை மட்டும் கிளை கழிக்க என்று 20இல் விட்டுவைத்தோம்.

தாத்தாவின் கோடாலியை பெரியப்பா ஜிக்கில் மாட்டவிடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்.

செய்தி தெருவில் பரவியது. கதவைத் திறந்தால் யாராவது எதையாவது துணியில் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். காய் நறுக்கும் கத்தி, தையல் கத்தரிக்கோல், ஒருவர் தன் தாத்தா காலத்துக் கரும்பு வெட்டும் கத்தி. கோடாலி தவிர எல்லாம் வந்தது. இது கோடாலி ஜிக், கத்தியின் வளைவுக்கு மையம் வேறெங்கோ இருக்கும் என்று சொன்னால் முகம் வாடிவிடும். மண்வெட்டி ஒன்று மட்டும் கிளாம்ப்பில் உட்கார்ந்தது. தீட்டிக் கொடுத்தேன். அந்த அக்கா மறுநாள் ஒரு பாத்திரம் பீன்ஸ் கறி கொடுத்தனுப்பினாள்.

பிளக்கும் நாளன்று வாட்டில் கட்டைகள் தேங்காய்ச்சில்லு போலத் தெறித்து விழுந்தன. புளூகம் வழக்கம்போல முரண்டு பிடித்தது. அதன் நார் முறுக்கிக்கொண்டு வளரும் சாதி, எந்த ஜிக்குக்கும் மசியாது. ஆனாலும் ஒரு கோடாலிக்கும் பல் போகவில்லை. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பெரியப்பா தாத்தாவின் கோடாலியோடு வந்து, ஒரு ஓரமாக நின்று தனியாக ஒரு குவியல் போட்டார். அவர் வாயைத் திருப்பியபோது எட்டிப் பார்த்தேன். சரிவு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீர், கரண்ட் பில் வைத்து மட்டம் பார்த்த மாதிரி. கேட்டேன். "கராஜ் சாவி எங்க இருக்கும்னு உன் அம்மா சொன்னா" என்றார். அப்படியென்றால் ராத்திரி காம்பைச் சுற்றியது யார்? அம்மாவிடம் கேட்டதற்கு ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கிவரச் சொன்னாள்.

தீமிதி நல்லபடியாக முடிந்தது. அடுத்த கூட்டத்தில் கமிட்டி என்னைப் பாராட்டி மாலை போட்டது. அதே கூட்டத்தில் ஜிக் கோயில் சொத்தாக ஏற்கப்பட்டது என்று தீர்மானமும் போட்டார்கள். நான் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஷெட்டில் பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில், நம்பர் எழுதிய அட்டை தொங்க, என் ஜிக் இருக்கிறது. போன வாரம் வீட்டில் ஒரு கைக்கோடாலி தீட்டவேண்டியிருந்தது. எடுக்கப் போனால் ரிஜிஸ்டரில் கையெழுத்து, 50 ரேண்ட் டெபாசிட், திரும்பத் தரும் தேதி என்று பொருளாளர் நீட்டினார். செய்தவனே நான்தான் என்றேன். ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

பெரியப்பாவுக்கு டெபாசிட் கிடையாதாம். ரிஜிஸ்டரில் அவரை ஜிக்கோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.