வானொலியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பனிச்சறுக்கு வீரர்

1956 குளிர்கால ஒலிம்பிக்ஸ் பற்றிப் பேசினால் எல்லாரும் டோனி சைலரைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், இத்தாலியின் கோர்ட்டினாவில் டவுன்ஹில், ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் என்ற மூன்று மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் பந்தயங்களிலும் தங்கம் வாங்கிய ஆஸ்திரியர், வயது இருபதுதான். அதே போட்டிகளில் ஐஸ்லாந்துக்காக இறங்கிய வால்டிமர் ஓர்னோல்ஃப்ஸனை வெளியே யாருக்கும் தெரியாது. 1932இல் பிறந்தவர், ஐஸ்லாந்தின் வடமேற்கு ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே கடல் குறுகலாக உள்ளே நுழையும் இடங்கள்) சுதுரேய்ரி என்ற மீனவ ஊர்க்காரர். பதக்கம் கிடைக்கவில்லை. அப்போது ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,60,000தான், ஆல்ப்ஸ் மலையில் வளர்ந்தவர்களோடு போட்டி போடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

என்னை ஈர்த்தது அதற்குப் பிறகு அவர் செய்தவைதான். 1957இல் தேசிய வானொலியில் காலை உடற்பயிற்சி நிகழ்ச்சியை ஆரம்பித்தார். பக்கத்தில் மாக்னுஸ் பேட்டர்சன் பியானோ வாசிப்பார், இவர் கையைத் தூக்கு, குனி, நிமிர் என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்பவர்கள் இவரைப் பார்க்க முடியாது, இவராலும் அவர்கள் செய்வதைப் பார்க்க முடியாது, எல்லாம் குரலும் தாளமும்தான். உடல் அசைவை வார்த்தையில் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு சிரமம் என்று ஒருமுறை முயற்சி செய்து பார்த்தால் தெரியும். அதைச் சுமார் 25 வருடம் செய்திருக்கிறார்! நாட்டுக்கே ஒரே வானொலி நிலையம் இருந்த காலம் அது, அதனால் பனிச்சறுக்குப் பலகையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அவர் குரல் பழக்கமாகிவிட்டது. இதற்கு நடுவே ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் கெர்லிங்கார்ஃப்யோல். லாங்யோக்குல், ஹோஃப்ஸ்யோக்குல் என்ற இரண்டு பெரிய பனிப்பாறைகளுக்கு இடையே, தீவின் நடுப்பகுதியில் இருக்கும் மலைத்தொடர். செம்மஞ்சள் நிறப் பாறை, ஒரு பக்கம் தரையிலிருந்து வெந்நீராவி கிளம்பும், கொஞ்சம் மேலே போனால் பனி. 1961இல் நண்பர்களோடு சேர்ந்து அங்கே கோடைக்காலப் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். கோடையில் ஏன் என்றால், அங்கே குளிர்காலத்தில் பகல் சில மணி நேரம்தான், உள்நாட்டு மலைப்பாதைகளும் பனியில் மூடிவிடும், ஆனால் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், உயரத்தில் பழைய பனி உருகாமல் கிடக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் தங்கிக் கற்றுக்கொண்டார்கள், சாயங்காலம் ஆனால் பாட்டும் ஆட்டமும். ஒரு ஒலிம்பிக் வீரர் தன் வித்தையைச் சாம்பியன் ஆகக்கூடியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், முதல்முறை பலகை கட்டுபவருக்கும் கொடுத்தார், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. கோடைப் பனி வருடா வருடம் குறைந்துகொண்டே வந்து, 2000ஐ ஒட்டிச் சரிவுகளில் பாடம் நடத்தப் போதாமல் போய்விட்டது. ஆள் வராமல் மூடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், ஆசிரியரும் மாணவரும் இருக்கும்போதே காலுக்குக் கீழே இருந்த பனி போய்விட்டது. இன்று அங்கே போகிறவர்கள் நடைப்பயணிகள், வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்க வருபவர்கள்.