ஸ்காட்லாந்தில் தட்டைத் தொடும் முன் ஒரு கேள்வி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் "இதை எப்படிப் பிடித்தார்கள்?" என்று கேளுங்கள். கிளாஸ்கோவில் ஒரு பெரிய உணவகத்தில் நான் கேட்டேன். மூன்றே மூன்று ஸ்காலப் சிப்பி, இருபது பவுண்டுக்கு மேல். "ஸ்காட்லாந்து சரக்குதான்" என்றார் பரிமாறியவர். ஆழத்தில் முங்கிக் கையால் எடுத்ததா, வாரி இழுத்ததா என்று மறுபடி கேட்டேன். உள்ளே விசாரித்து வருகிறேன் என்று போனவர், பில்லோடுதான் திரும்பினார். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், வித்தியாசம் அவ்வளவு பெரியது. முங்குகிறவர் பெரிய சிப்பியாகப் பார்த்துப் பொறுக்குவார், சின்னதை விட்டுவிடுவார். வாரிப் படகோ இரும்புப் பல் வரிசையைக் கடலடியில் போட்டு உழுதுகொண்டே போகும். 2017இல் லாக் கரன் கடற்கழியில் தீச்சிப்பி என்ற ஒரு வகைச் சிப்பிகள் கூடி வாழ்ந்த திட்டு அப்படித்தான் சிதைந்தது. அரசு அவசர அவசரமாக அதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆக்கியது.

கிளாஸ்கோவிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் ஓபன் ஊருக்கு ரயில், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. துறைமுகத்தில், தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே பச்சைப் பெயின்ட் அடித்த கடை. அங்கே லாங்குஸ்டீன் கேட்டேன். "கூண்டில் பிடித்தது" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார் அந்த அம்மா! இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் நடுவில் ஓர் உருவம், ஆரஞ்சு ஓடு, மெலிந்து நீண்ட கொடுக்கு. வாலை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் ஓடு படக்கென்று உடைகிறது. உள்ளே வெள்ளைச் சதை, பூண்டு வெண்ணெய் விரலிடுக்கில் வழிகிறது. அப்படி ஓர் இனிப்பு! காற்று முகத்தில் அறைய, நின்றுகொண்டே தின்றேன். கிளாஸ்கோ பில்லில் பாதிகூட ஆகவில்லை.

கூண்டில் சிக்கியது உயிரோடு வரும். முட்டை சுமக்கும் பெண்ணை அப்படியே கடலில் விட்டுவிடலாம். படகு கடலடியில் இழுத்துப்போகும் வலையான இழுவைமடியில் குஞ்சு குளுவான் எல்லாம் சேர்ந்து நசுங்கும். வருத்தம் என்னவென்றால், கூண்டுச் சரக்கில் நல்லது பெரும்பாலும் உயிரோடு லாரி ஏறி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது.

அப்புறம் அர்ரான் தீவு. சாப்பாட்டுக்காகப் போகவில்லை, லாம்லாஷ் விரிகுடாவைப் பார்க்கத்தான். கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இழுவைமடி கூடாது என்று 1889இலிருந்து இருந்த தடையை 1984இல் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அர்ரானைச் சுற்றியிருக்கும் கிளைட் கடல் காலியாகிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்த இரண்டு உள்ளூர் முங்குநீச்சல்காரர்கள், ஹோவர்ட் வுட்டும் டான் மக்னீஷும், 1995இல் 'கோஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். விடாமல் போராடி, 2008இல் அந்த விரிகுடாவின் ஒரு பகுதியில் எதையுமே பிடிக்கக் கூடாது என்று சட்டம் வாங்கினார்கள். இன்று அதற்குள் ஸ்காலப்பும் சிங்கி இறாலும் பெருகியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் சாதித்தது இது! கரையில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர்தான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, கையில் காசு குறைவு என்பவர்களுக்கு மஸல் சிப்பிதான் வழி. கடலில் தொங்கவிட்ட கயிற்றில் வளர்கிறது, தீனி போட வேண்டாம், கடலடியைச் சுரண்டவும் வேண்டாம். பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து வருகிறது. சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒரு பை கிடைக்கும். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு மூடி வையுங்கள், ஐந்து நிமிடத்தில் தயார். பானையில் போடும் முன் வாய் திறந்திருப்பதை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூடவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.